திருகைக் குழி

போல்நப்ரோன் என்கிற பெயருக்கு இரண்டு அர்த்தம் சொல்கிறார்கள். ஒன்று, 'துயரத்தின் குழி'. சுற்றுலா போகிறவர்களுக்குப் பிடித்த அர்த்தம் இதுதான். சிவந்த வானமும் அதன்முன் கறுத்த கல்லுமாகப் படம் எடுத்து அஞ்சலட்டையில் போட்டால் அந்தப் பெயர் நன்றாகப் பொருந்தும். ஆனால் ஐரிஷ் மொழி அறிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. அந்த மொழியில் 'ப்ரோ' என்றால் திருகை. வேற்றுமை ஏறும்போது அது 'ப்ரோன்' ஆகிறது. துயரத்துக்கும் 'ப்ரோன்' என்றே தனிச்சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. ஆக, அது திருகைக் குழி. எனக்கும் துயரத்தைவிடத் திருகைதான் பக்கத்தில் இருப்பதாகப் பட்டது. எங்க அப்பத்தா கேப்பை திரிச்ச திருகை இன்னமும் வீட்டு மூலையில் கிடக்கிறது. அதைச் சுத்திச் சுத்தியே அவளுக்கு வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது.

2025 செப்டம்பரில் சாதி பற்றிய ஒரு கூட்டத்தில் பேச டப்ளின் போயிருந்தேன். கூட்டம் முடிந்து நாலைந்து நாள் கையில் இருந்தது. நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற கால்வே நகரத்தில் என் சித்தி மகள் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் தங்கினேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, "எங்கண்ணே போகணும்?" என்றாள். சொன்னேன். "செத்தவங்களப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? நான் தெனமும் பாக்குறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே கார்ச் சாவியையும் எடுத்தாள்.

கால்வேயிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே இறங்கினால் கிளேர் மாவட்டம். பாலிவான் என்ற சின்னக் கடலோர ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினதும் அயர்லாந்தின் பேர்பெற்ற பச்சை திடீரென நின்றுபோகிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, தளம் போட்டது மாதிரி பாளம் பாளமாகக் கிடக்கிறது. பாளங்களுக்கு நடுவே வெடிப்பு, வெடிப்புக்குள் புல்லும் பெரணியும். இதற்குப் பர்ரன் என்று பெயர், பாறை பூமி என்று அர்த்தம். 1651இல் க்ராம்வெல்லின் படைத்தலைவர்களில் ஒருவரான எட்மண்ட் லட்லோ இந்தப் பக்கம் வந்தார். ஆளைக் கொல்லவும் தோதில்லாத, கொன்றவனைப் புதைக்கவும் தோதில்லாத இடம் என்கிற பொருளில் அவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மரமும் தண்ணீரும் மண்ணும் இல்லாத நிலத்தைப் பார்த்ததும் அவருக்குக் கொலைக்கணக்குதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. நாடு பிடிக்க வந்தவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

பர்ரன் எப்போதும் இப்படி மொட்டையாக இருந்ததில்லை. மண்ணும் மரமும் இருந்த நிலம்தான். மரத்தை வெட்டிப் பயிர் வைத்து, மாடு மேய்த்து, மழையில் மண் அரித்துப்போய்ப் பாறை வெளியே வந்துவிட்டது. அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்கள்தான் கற்திட்டைகளையும் எழுப்பினார்கள். புதைக்க மண்ணில்லை என்று லட்லோ சலித்துக்கொண்ட பூமியில் ஈமக்கற்கள் டஜன் கணக்கில் நிற்கின்றன.

ரோட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பாறை மேல் கொஞ்ச தூரம் நடந்தால் கற்திட்டை. டிக்கெட் கிடையாது. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டக்கூடாது. ஏதோ பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அது எங்க ஊர் டீக்கடைக் கூரை அளவுதான் இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ரெண்டு கல். அதன்மேல் சாய்ந்தாற்போல ஒரு பலகைக்கல், சுமார் 4 மீட்டர் நீளம், கனம் ஓரடி. சுற்றித் தாழ்வான கற்குவியல். அவ்வளவுதான். காற்றுதான் ஆளைத் தள்ளியது.

மூடுகல்லை வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாறையிலேயே பாளமாகப் பெயர்த்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் பெயர்த்த கல்லை ஏற்றி வைக்கணுமே. சரிவாகக் கல்லும் மண்ணும் கொட்டி, கயிறு போட்டு, மரக்கம்பால் நெம்பி நெம்பி ஏற்றியிருக்க வேண்டும். கல்குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒருத்தன் பிடி நழுவினால் இன்னொருத்தன் விரல் போய்விடும். தொல்லியல் புத்தகங்களில் 'எழுப்பப்பட்டது', 'நிறுத்தப்பட்டது' என்று செயப்பாட்டுவினையாகவே எழுதிப்போவார்கள். எம்.ஏ. தமிழ் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு லாபம், செயப்பாட்டுவினையைக் கண்டால் எழுவாய் எங்கே போச்சு என்று தேடுகிற புத்தி.

எழுவாய் இந்தக் கல்லுக்கு அடியிலேயே கிடைத்தது. 1985இல் வாசல்கல் ஒன்றில் விரிசல் விட்டிருப்பது தெரியவந்தது. அதை மாற்றி வேறு கல் நிறுத்துவதற்காக அடியைத் தோண்ட வேண்டியிருந்தது. 1986லும் 1988லும் ஆன் லிஞ்ச் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார், முழு அறிக்கை 2014இல் வந்தது. அறைக்குள் இருந்தவை முழு உடம்புகள் அல்ல. கலைந்து, உடைந்து, ஒன்றோடொன்று கலந்துபோன எலும்புகள். எண்ணிப் பார்த்ததில் பெரியவர்களும் சிறுபிள்ளைகளுமாக முப்பது பேருக்கு மேல். காலம் கி.மு. 3800 முதல் 3200 வரை. எகிப்தில் பிரமிடுகள் எழும்ப இன்னும் பல நூறு வருஷம் பாக்கி.

கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்த எலும்புகளை வாசித்திருக்கிறார்கள். கழுத்திலும் தோளிலும் மூட்டுத் தேய்மானம், சுமை தூக்கினவர்களுக்கு வருவது. பல் தேய்ந்திருக்கிறது. கல்லில் அரைத்த தானியத்தோடு கல்பொடியும் சேர்ந்து போவதால் வருகிற தேய்மானம் அது. கடல் பக்கத்தில்தான், ஆனாலும் மீன் அவ்வளவாகச் சாப்பிடவில்லை, நிலத்து உணவுதான். ஒருத்தருடைய இடுப்பெலும்பில் கல் ஆயுதத்தின் முனை முறிந்து நின்றிருக்கிறது. பெரியவர்களில் அநேகம் பேர் முப்பது வயசைக்கூட எட்டவில்லை. நாற்பதைத் தாண்டினது அபூர்வம். கூட வைத்திருந்த பொருள் என்று பார்த்தால் தேய்த்து மெருகேற்றிய ஒரு கற்கோடரி, எலும்பில் செய்த பதக்கம், கல்மணி, படிகக்கல், மண்பாண்ட ஓடு, கல் ஆயுதங்கள். பொன்னும் மணியும் அள்ளிப்போட்ட சங்கதி கிடையாது.

அப்பத்தா தோளை யாரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை. எடுத்திருந்தால் இதே தேய்மானம் தெரிந்திருக்கும். கூலிக்கணக்கில் ஏறாத வேலையெல்லாம் எலும்பில் ஏறிவிடுகிறது. திருகைக் குழி என்கிற பெயர் பல ஆயிரம் வருஷம் கழித்து, வேறொரு மொழி பேசினவர்கள் வைத்தது. உள்ளே கிடந்தவர்கள் திருகையே பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் காலத்து அரவைக்கல் அம்மி மாதிரி மேலும் கீழும் இழுத்து அரைப்பது. பெயர் பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனாலும் துயரம் என்று கவிதை பண்ணாமல் மாவரைக்கிற கல்லின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் கிராமத்து மனுசரை எனக்குப் பிடித்துப்போனது.

இதற்கு ரெண்டு நாள் முந்தித்தான் கிழக்கே பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நியூகிரேஞ்ச் பார்த்திருந்தேன். உலகம் பூராவும் தெரிந்தது அதுதான். குறுக்களவு 85 மீட்டர் இருக்கும், மண்ணும் கல்லும் குவித்த பெரிய மேடு, அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள். காலம் கி.மு. 3200 வாக்கில். குளிர்காலத்தில் பகல் குறுகின நாட்களில் விடியற்காலை வெளிச்சம் வாசலுக்கு மேலுள்ள துளை வழியாக நுழைந்து உள்ளறை வரை போகும்படி கட்டியிருக்கிறார்கள். அங்கே அகழாய்வு செய்த ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 காலையில் உள்ளே உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்தார். முகப்பில் பளபளக்கிற வெள்ளைப் படிகக்கல் சுவர், கான்கிரீட்டைப் பின்னால் கொடுத்து அகழாய்வுக்குப் பிறகு நிறுத்தினது. அது அப்படி இருந்திருக்குமா என்று இன்னமும் சண்டை நடக்கிறது. இந்த மேட்டுக்குள் வழி இருப்பது 1699இல் தெரியவந்தது. சார்லஸ் கேம்ப்பெல் என்கிற நிலச்சுவான்தார் அங்கே கல் எடுக்க ஆட்களை ஏவியிருந்தார். கல் எடுத்தவர்கள்தான் வாயிலைக் கண்டார்கள். ஏவினவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கடப்பாரை பிடித்தவர்கள் 'வேலையாட்கள்'.

நியூகிரேஞ்ச் விஷயத்தில் நானே ஒரு தடவை ஏமாந்தேன். 2020இல் 'நேச்சர்' இதழில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. உள்ளறையில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டு ஒன்று வயதுவந்த ஆணுடையது. அவனுடைய தாயும் தகப்பனும் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்று அதில் தெரிந்தது. எகிப்திலும் இன்காவிலும் அரச வம்சத்தில் அண்ணன் தங்கை மணம் இருந்ததுபோல, இங்கேயும் ரத்தத்தை வெளியே விடாத ஒரு தெய்வ அரச குலம் இருந்திருக்கலாம் என்றார்கள். படித்ததும் துள்ளிக் குதித்தேன். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். இதோ 5000 வருஷத்துக்கு முந்தியே சாட்சி என்று ரெண்டு மூன்று மேடைகளில் பேசியும்விட்டேன்.

2025இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் அயர்லாந்துத் தொல்லியலாளர்களே மறுத்து எழுதினார்கள். ஒரு மண்டையோட்டுத் துண்டை வைத்து ராஜாவைக் கட்டமைக்க முடியாது; மற்ற சமாதிகளில் இந்த மாதிரி நெருங்கின ரத்தக்கலப்புக்குச் சான்றில்லை; எலும்புகள் உடைத்துக் கலக்கப்பட்டு வைக்கப்பட்டவை, தனி ஆளைத் தூக்கி நிறுத்துகிற வழக்கமே அங்கு தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பார்த்தால் என் துள்ளலே கோளாறு. பெரிய கல்லைப் பார்த்ததும் ராஜா எங்கே என்று தேடுகிற பழக்கம் ஆண்டவர்கள் எழுதின வரலாற்றைப் படித்துப் படித்து நமக்குள்ளும் ஊறிவிட்டது. ராஜாவைத் திட்டுவதற்காகவாவது ஒரு ராஜா வேண்டியிருக்கிறது. முன்னே பேசின மேடைகளில் இதைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழக்கம், பாட்டன் யார் என்று தேடுவது. அயர்லாந்தில் இதற்குப் பெரிய கதையே உண்டு. சார்லஸ் வாலன்சி என்று ஆங்கிலேயப் படைப் பொறியாளர் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பழம்பொருள் ஆராய்ச்சியில் இறங்கினார். 1797இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பே, அயர்லாந்தின் பழைய வரலாறு இந்தியப் பிராமணர்களின் சமஸ்கிருத நூல்களால் நிரூபிக்கப்பட்டது என்கிறது! பார்ப்பனர் நூல் இல்லாமல் பர்ரன் பாறைக்குக்கூட வரலாறு கிடையாது போல. இதற்கு எதிர்த்திசையில், நிஜாம் அரசில் பணியாற்றிய மெடோஸ் டெய்லர், சுராபூர்ப் பகுதியில் கற்குவைகளையும் கற்பதுக்கைகளையும் அளந்து தோண்டிப் பார்த்து, 1860களில் டப்ளினின் ராயல் ஐரிஷ் அகாதமி வெளியீட்டில் கட்டுரை எழுதினார். அவர் தலைப்பில் தக்காணத்துக் கல்லெல்லாம் கெல்ட், துரூயிட், சித்தியன் சின்னங்கள். அயர்லாந்துக் கல்லுக்கு இந்தியாவில் அப்பன், இந்தியக் கல்லுக்கு அயர்லாந்தில் அப்பன். அந்தந்த ஊரில் கல் தூக்கினவன் மட்டும் அப்பனில்லாத பயல்.

உண்மையில் ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம்முடைய கற்திட்டைகள், பதுக்கைகள், தாழிகள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை, போல்நப்ரோனுக்கு ரொம்பப் பிந்தியவை. கல் கிடைத்த இடத்தில் மனுசர் கல்லை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பெயர் பறிபோன விதத்தில் மட்டும் ஒற்றுமை இருக்கிறது. அயர்லாந்தில் கற்திட்டைகளை 'டியர்மட் - கிரானியா படுக்கை' என்பார்கள், காவியத்தில் ஓடிப்போன காதலர்கள் ராத்தங்கின இடமாம். நம்ம பக்கம் 'பாண்டவர் குழி'. சொந்தச் செத்தவர்கள் கிடக்கிற குழிக்குக் காவியத்துக்காரன் பட்டா வாங்கிவிட்டான்.

கல்லை நிறுத்தினவர்கள் கெல்ட்டுகளும் இல்லை. கெல்ட் என்கிற அடையாளம் அதற்கு ரெண்டு மூவாயிரம் வருஷம் பிந்தியது. பழைய எலும்புகளின் மரபணு சொல்கிறபடி, போல்நப்ரோன் காலத்து விவசாயிகளின் வேர் அனட்டோலியாவில், இன்றைய துருக்கிப் பக்கத்தில் இருக்கிறது. கோதுமையும் மாடும் கொண்டு தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்து, படகேறி வந்தவர்கள். கி.மு. 2500க்குப் பிறகு வேறு கூட்டம் வந்தது. இன்றைய ஐரிஷ்காரர்களின் மரபணு வார்ப்பு பெரிதும் அந்தப் பிந்தி வந்தவர்கள் வழியானது. ஆக, கல்லைக் காட்டி 'எங்க பாட்டன் கட்டினது' என்று மார்தட்டுகிற ஐரிஷ்காரருக்கே அந்தப் பாட்டனோடு உறவு கொஞ்சம்தான்.

நம்ம தோழர்கள் சிலருக்கு இது கசக்கும். ஆதிச்சநல்லூர்த் தாழியைக் காட்டி, இது எங்கள் ஆதிகுடிகளின் எலும்பு என்று நாமும் மேடையில் பேசுகிறோம். அதே தாழிக்கு ஆண்ட பரம்பரைச் சங்கங்களும் ஆளுக்கொரு நோட்டீஸ் ஒட்டுகின்றன. அயோத்திதாசர் பூர்வ பௌத்தர் என்று எழுதினபோது, இழிவை மறுத்து நிமிர்வதற்கு ஒரு நேற்று தேவைப்பட்டது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தத்தைக் காட்டி உரிமை கேட்கிற வழக்கு அவர்கள் போட்ட வழக்கு. அந்தக் கோர்ட்டில் நாம் ஏன் நிற்க வேண்டும்? சங்கப்பாட்டு ஒன்றில், கணவனை இழந்த ஒருத்தி தாழி வனைகிற குயவனைப் பார்த்து, என்னையும் சேர்த்து வைக்கிற மாதிரி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். உரையாசிரியர்கள் அவள் கற்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். எனக்கு அந்தக் குயவன் முகம்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கயிற்றோரம் நின்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே ராஜா இல்லை, உழைச்ச உடம்புகளும் பிள்ளைகளும் ஒரே அறையில் கலந்து கிடக்கிறார்கள், மேலே கீழே என்கிற வரிசையே இல்லை என்று என் பேச்சு மேடைப்பேச்சாக ஏறிக்கொண்டே போனது. அவள் கோட்டுப் பையில் கையை விட்டபடி கேட்டாள்.

"எத்தன வருஷம்ணே இதுல வச்சாங்க?"

"அறுநூறு வருஷம்."

"எத்தன பேரு?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு இருக்கும்."

"அப்ப மத்தவங்கள எங்க போட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கணக்கு எளிசு. பதினஞ்சு இருபது வருஷத்துக்கு ஒருத்தர். அறுநூறு வருஷத்தில் அந்த வட்டாரத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் முப்பது சொச்சம் பேருக்குத்தான் இந்தக் கல்லுக்குள் இடம் கிடைத்திருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை வைத்து? மற்றவர்களை வெட்டவெளியில் விட்டார்களா, எரித்தார்களா, வெடிப்புகளில் போட்டார்களா? அடிமட்டத்துச் சமத்துவத்தைக் கல்லுக்கடியில் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்த எனக்கு, தினமும் ஆள் கணக்கு எழுதுகிறவள் ஒரே கேள்வியில் வழியை அடைத்துவிட்டாள்.

ஆனாலும் உள்ளே வைக்கப்பட்ட அந்தச் சிலரில் யார் யார் என்று பார்க்கும்போது ஒரு பிள்ளை வருகிறான். அதே 2020 ஆய்வில்தான் அதுவும் தெரிந்தது. போல்நப்ரோனில் கிடந்த ஓர் ஆண் குழந்தைக்கு டௌன் சிண்ட்ரோம். வயசு ஆறு மாசம் வாக்கில். உலகத்தில் இதுவரை மரபணு மூலம் உறுதியானவற்றில் மிகப் பழைய டௌன் சிண்ட்ரோம் அதுதான். தாய்ப்பால் குடித்திருக்கிறான் என்பதற்கும் எலும்பில் தடயம் இருக்கிறது.

"பாலு குடிச்சது எலும்புல எப்படிண்ணே தெரியும்?"

படித்ததைச் சொன்னேன். நாம் தின்பதன் நைட்ரஜன் நம் எலும்பில் படிகிறது. புல்லைத் தின்கிற மாட்டைவிட மாட்டைத் தின்கிறவருக்கு அந்த அளவில் ஒரு படி ஏறும். பால் குடிக்கிற பிள்ளை தாயின் உடம்பையே தின்கிறது, அதனால் தாயைவிட ஒரு படி ஏறி நிற்கும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஒடம்பு துவண்டு கெடக்கும்ணே. வாயில பலமிருக்காது. சப்பி இழுக்கவே முடியாது. மடியில போட்டு, தாடையப் புடிச்சுக் குடுத்து, அது தூங்கிப்போனா எழுப்பி எழுப்பி, மணிக்கணக்கா ஒக்காரணும். ஆறு மாசம் வச்சிருந்தாங்கன்னா சும்மா வச்சிருக்க முடியாது. ஒருத்தி அதே வேலையா இருந்திருக்கா" என்றாள்.

ஆய்வுக்கட்டுரையில் இது இல்லை. முப்பது வயசுக்குள் செத்துப்போகிற, சுமை தூக்கித் தோள் தேய்கிற ஜனங்களுக்கு நடுவில், ஒருத்தியின் நேரத்தை அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவள் செய்யாத வேலையை வேறு யாரோ செய்திருக்க வேண்டும். செத்த பிறகு, எல்லோருக்கும் கிடைக்காத கல்லறையில் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் பெரிய இடத்துப் பிள்ளையாகவே இருந்திருக்கலாம் என்று வாதம் பண்ணலாம். பண்ணட்டும். ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கவில்லை என்பது மாறாது.

இதே நாட்டில், கிறிஸ்தவம் வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைக் கத்தோலிக்கக் கல்லறையில் புதைக்க விடவில்லை. அவர்களுக்கென்று தனி இடம், 'கில்லீன்' என்று பெயர். பாழடைந்த பழைய கோயில், ஊர் எல்லை, கோட்டை மேடு, சில இடங்களில் பழைய ஈமக்கற்களின் ஓரம். தகப்பனோ மாமனோ இருட்டு நேரத்தில் பெட்டியைத் தூக்கிப்போய்ப் புதைப்பார்கள். தாய் போவதில்லை. பாதிரியார் வருவதில்லை. அடையாளத்துக்குப் பெயரில்லாத ஒரு கல், சில இடத்தில் வெள்ளைப் படிகக் கூழாங்கல். தற்கொலை செய்தவர்கள், ஊர் பேர் தெரியாத அந்நியர்கள் இவர்களுக்கும் அதே இடம்தான். 1960கள் வரையிலும் இது நடந்திருக்கிறது. 2007இல் வாடிகனின் இறையியல் ஆணையம் ஒன்று, அந்தக் குழந்தைகளுக்கும் மீட்பு கிடைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது என அறிக்கை விட்டது. இருட்டில் தூக்கிப்போன தகப்பன்மாரில் அநேகம் பேர் அதற்குள் தாங்களே மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

கால்வேக்கு வடக்கே டூயம் என்ற ஊர். மணமாகாத தாய்மார்களை வைத்திருந்த விடுதி ஒன்று 1925 முதல் 1961 வரை அங்கே இருந்தது. அங்கே செத்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்றாய்வாளர் கேத்தரின் கார்லெஸ் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். இறப்புக்குப் பதிவு இருந்தது, புதைத்ததற்கு இல்லை. 2014இல் உலகத்துக்குத் தெரிந்தது. நிலத்தடிக் கழிவுநீர்க் கட்டுமானத்தில் குழந்தைகளின் எலும்புகள் கிடப்பதை 2017இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது. நான் போவதற்கு ரெண்டு மாசம் முந்தி, 2025 ஜூலையில்தான், எலும்புகளை முறையாகத் தோண்டி எடுக்கிற வேலை தொடங்கியிருந்தது. தங்கச்சி வேலை பார்க்கிற இடத்தில் வயசான பெண்கள் இதைப் பற்றி இப்போதுதான் வாய் திறக்கிறார்களாம்.

நம்ம ஊரிலும் கிறிஸ்தவத்துக்குப் போன நம்ம ஜனங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். போகாதவர்களுக்குப் பாதையே கிடையாது. 2008 ஐப்பசியில் அப்பத்தா செத்தாள். அடைமழை. சுடுகாட்டுக்குப் போகிற வரப்பு, ஊர்க்காரர்களின் பட்டா நிலத்துக்குள் இருக்கிறது. நெல் நிற்கிறது, பிணம் போகக்கூடாது என்றார்கள். வாய்க்காலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனோம். தூக்கினதில் பெரியப்பாவும் ஒருத்தர். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பிணங்களுக்கெல்லாம் குழி வெட்டினவர் அவர்தான். கேட்கப் போனபோது கிடைத்த பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "காலங்காலமா இப்படித்தானப்பா." எந்தக் காலம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்பேன். கில்லீனுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, கல்லறைச் சுவருக்குக் கொத்தனார் இருந்தார், வரப்புப் பட்டாவுக்குத் தேதி இருக்கிறது. பட்டா நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் தங்கச்சிக்கு இன்னொன்றையும் காட்ட நினைத்தேன். போல்நப்ரோனில் கடைசியாக வைக்கப்பட்டது ஒரு பச்சைப்பிள்ளை, பிறந்த குழந்தை. கற்திட்டை புழக்கத்திலிருந்து போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, வெண்கலக் காலத்தில், யாரோ அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டினவர்களின் மொழியோ சாமியோ வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பழைய கல் என்பது மட்டும் தெரிந்திருக்கும். குழந்தையை அறைக்குள் வைக்கவில்லை. வாசல்கல்லுக்கு வெளியே, பாறை வெடிப்புக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இடம் கொடுக்க மாட்டோம் என்று வைத்ததா, இருக்கிறவர்களோடு இது பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்ததா என்று எலும்பு சொல்லவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வெடிப்பைத் தேடினோம். வாசலுக்கு முன்னால் கல்லும் புல்லுமாகக் கிடந்தது, எதென்று தெரியவில்லை. தூறல் கனத்தது. எட்டு மணிக்கு அவளுக்கு மறுபடி ஷிப்ட். "வாங்கண்ணே, நனையாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கார்க் கதவைத் திறந்த பிறகும் ஒரு தடவை திரும்பிக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.